மேலறைக்கு ஒரு சுவிட்ச்

என்னோடு படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். வகுப்பில் வாத்தியார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று, பதில் தெரிந்தும் சொல்லாமல் தாவணி முனையைத் திருகிக்கொண்டிருந்தவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு தமிழில் நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடுதாசிகள்தான். செல்போன் வந்த பிறகு அதுவும் இல்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் போடுகிறோம், சின்ன வயதில் நடந்தது எதையாவது ஆளுக்கொன்று எழுதுங்கள் என்று குழுவில் செய்தி வந்தபோது, இது எனக்கு இல்லை என்றே இருந்தேன். எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்குரிய பக்கத்தில் நான் வந்து உட்கார்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது ஓர் எலக்ட்ரீசியன் பையன். சான்பாடாவில் என் மகன் வாங்கியிருக்கும் வீட்டில் வேலை நடக்கிறது. கூரைக்குக் கீழே இன்னொரு வெள்ளைக் கூரை அடித்து, வயர்களை எல்லாம் அதற்குள் மறைத்துவிடுகிறார்கள். எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையின் நடுவில் அந்தப் பையன் நின்றுகொண்டு, "மாஜி, சுவிட்ச் கிதர் சாஹியே?" என்றான். விளக்குக்குச் சுவிட்ச் எங்கே வேண்டும் என்று என்னைக் கேட்கிறான். நான் அந்த வெள்ளைக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கட்டில் பக்கத்துல வச்சிரு பாய்" என்று மகனே சொல்லிவிட்டான். அன்று மத்தியானம் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு முடியவில்லையா என்று மருமகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாராவியில் நாங்கள் இருந்த சந்து, கல்லி என்போமே, உங்களில் சிலருக்குத் தெரியும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கத் தகரங்களும் முட்டிக்கொள்ளப் பார்க்கும். நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு வானம். எங்களுக்குச் சொந்த மீட்டர் கிடையாது. கல்லி முனையில் மீட்டர் வைத்திருந்தவர் வீட்டிலிருந்து ஒரு வயர் வீடு வீடாக வரும். வீட்டுக்கு ஒரு பல்பு. ராத்திரி அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார். பிடுங்குவதற்கு முன்னால் ஒருமுறை அணைத்துப் போடுவார். அதுதான் எச்சரிக்கை. பாதிச் சோற்றில் கை இருந்தாலும் மிச்சத்தை இருட்டில்தான் சாப்பிட வேண்டும். மீன் குழம்பு வைத்த அன்று அம்மா எங்கள் தட்டில் முள்ளை முதலிலேயே எடுத்துவிடுவாள்.

அப்பாவுக்கு இது ஆகவே ஆகாது. தோல்பைப் பட்டறையில் வேலை செய்தார். சட்டை, துண்டு, தலைமுடி எல்லாவற்றிலும் தோல் நெடி இருக்கும். விளக்கு ஒருமுறை அணைந்து எரியும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார்.

"எஞ் சோத்துல முள்ளு இருக்கா இல்லியான்னு அந்த ஆளுல்லா முடிவு பண்ணுதான்" என்பார்.

"கத்தாதீங்க. காதுல விழுந்தா நாளைக்கு சாயங்காலமே அணைச்சுருவாரு" என்பாள் அம்மா.

நான் ஆறாவது போகவிருந்த கோடையில் எங்களுக்கென்று மீட்டர் வந்தது. அதே கோடையில்தான் அத்தையும் வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. ஊரில் அவள் புருஷன் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. கொழுந்தன்மார் நல்ல முகம் காட்டவில்லை என்று கேள்விப்பட்டதும் அப்பா லீவு போட்டுப் போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டார். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், இரண்டு வெளுத்த சேலை. தாதரில் ரயிலைவிட்டு இறங்கியபோது பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்தாளாம்.

அவளுக்காக அப்பா மேலே ஓர் அறை எழுப்பினார். எங்கள் ஒற்றை அறைக்கு மேலே பலகை பரப்பி, சுற்றிலும் தகரம் அடித்து, மேலேயும் தகரம் போட்டு, ஏற ஓர் இரும்பு ஏணி. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தை தலையைச் சாய்த்துத்தான் நிற்பாள். கல்லியைப் பார்த்து ஒரு ஜன்னல். எதிர்வீட்டுக்கும் அதே இடத்தில் ஒரு ஜன்னல். இரண்டு பக்கமும் கையை நீட்டினால் விரல்கள் தொட்டுக்கொள்ளும். அத்தைக்குத் துணையாக நானும் மேலே படுக்க வேண்டும் என்றானது.

வயரிங் வேலைக்கு வந்தவர் அம்மா வழியில் சொந்தம். எனக்கு மாமா முறை. கல்லியில் பாதி வீடுகளுக்கு அவர்தான் செய்திருந்தார். சாக்குப்பையைத் தரையில் கவிழ்த்தால் கறுப்பு உருண்டைச் சுவிட்சுகள், பித்தளை வாய் வைத்த ஹோல்டர்கள், வயரைப் பதித்து அடிக்கும் மரப்பட்டிகள், வட்ட மரக்கட்டைகள், தகரக் கிளிப்புகள், சின்னச் சின்ன ஆணிகள் எல்லாம் உருளும். அந்த உருண்டைச் சுவிட்சை இப்போது எங்கேயும் பார்க்க முடிவதில்லை. கீழே தள்ளினால் 'டக்'கென்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

எப்படி வயர் இழுப்பது என்பதில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பேச்சு. எனக்கு அன்று புரிந்தது கொஞ்சம்தான். பிறகு யோசித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு வழி இருந்தது. ஒன்று, கூரையடியில் ஒரு லைனை ஓடவிட்டு, விளக்கு வேண்டிய இடத்தில் பெட்டி வைத்து, அதற்குள் வயரை வெட்டி முறுக்கிக் கிளை பிரிப்பது. ஜாயின்ட் பாக்ஸ் என்பார்கள். வயர் குறைவாகப் பிடிக்கும்; சுவிட்சை அந்தந்த விளக்குப் பக்கத்திலேயே தொங்கவிடலாம். இன்னொன்று, கதவோரம் ஒரே போர்டு வைத்து, எல்லா இணைப்பும் அதற்குள்ளேயே முடிந்து, அங்கிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் நடுவில் வெட்டில்லாத வயர் போவது. இதில் கூரையில் ஒரு முறுக்கும் இருக்காது. ஆனால் எல்லாச் சுவிட்சும் கீழே அந்தப் போர்டில்தான் இருக்கும்.

"ஜாயின்ட் பாக்ஸ் வச்சிருவோம் அத்தான். வயர் மிச்சம், பட்டி மிச்சம். கட்டில்ல படுத்துக்கிட்டே லைட்ட அணைக்கலாம்" என்றார் மாமா.

"கட்டில் எங்க கெடக்கு மாப்ள நம்ம வீட்டுல?"

"கட்டில் நாளைக்கு வரும்லா. சுவிட்ச இன்னைக்கே வச்சுக்கிடுவோம்."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "மொதல்ல ஒழுகாத கூரைய வைங்க. கட்டில பொறவு பாக்கலாம்."

அதைத்தான் அப்பா பிடித்துக்கொண்டார்.

"கேட்டியா? ஒழுகுத தகரத்துக்குக் கீழ ஜாயின்ட்டு. போன மழையில அடுத்த கல்லியில அந்தப் பொம்பள ஈரத் தகரத்தத் தொட்டு விழுந்தத நீயும்தான ஓடிப் போயி பாத்த?"

மாமாவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அது டேப் சுத்தாத ஜாயின்ட்டு அத்தான். எவனோ அவசரத்துல செஞ்ச வேல. நான் சுத்துனா தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

"தண்ணிக்குள்ள ஒன் வீட்டுல போட்டுப் பாரு. மேல எந் தங்கச்சியும் மவளும் படுக்கப் போறாவ. போர்டுதான். முடிஞ்சு."

அப்போது ஏணியின் மேல்முனையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. வெளியாள் இருக்கும்போது அவள் இறங்கமாட்டாள்.

"யண்ணே, மேல ஒரு சுவிட்சு வைக்க முடியுமா?"

மாமா உடனே அண்ணாந்து, "முடியும் மதினி. போர்டுலேருந்தே மேல லைன் ஏத்தி இன்னொரு சின்ன போர்டு வச்சிரலாம். வயரும் பட்டியும் கொஞ்சம் கூடப் பிடிக்கும், அம்புட்டுதான்" என்றார்.

அப்பா தரையில் கிடந்த பட்டிகளைப் பார்த்தார். வாங்கி வந்தது கீழறைக்கும் மேல் விளக்குக்கும் சரியாக இருந்தது. மறுபடி கடைக்குப் போக வேண்டும். மழை வேறு இன்றோ நாளையோ தொடங்கிவிடும் போலிருந்தது.

"தீவாளிக்குப் பாப்போம்மா. இப்ப லைட்டு எரிஞ்சாப் போதும்லா?"

"போதும்ணே" என்றாள் அத்தை.

முதல்முறை விளக்கு எரியவிட்ட அன்று அப்பா போர்டுக்குக் குங்குமம் வைத்தார். அம்மா ஒரு சுவிட்சைத் தட்டினாள்; தம்பியைத் தூக்கிப்பிடித்து ஒன்றைத் தட்டவைத்தார்கள்; நான் ஒன்றைத் தட்டினேன். அத்தை மேலேயே இருந்தாள். எங்கள் பக்கத்தில் புருஷன் இறந்த பெண் வருஷம் திரும்பும்வரை நல்ல காரியத்தில் முன்னால் வருவதில்லை. காலையில் வீட்டில் உள்ளவர்கள் எழுந்து முகம் கழுவும்வரை எதிரில்கூட வரமாட்டாள்; கூடப் படுக்கும் சின்னப்பிள்ளை நான் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அத்தையிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவளாகவே இருந்துகொண்டாள். அம்மா பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் ஏணியில் அவள் கால் தெரியும்.

அப்பா கடைசிச் சுவிட்சைத் தட்டிவிட்டு மேலே பார்த்து, "எரியுதாம்மா?" என்று கேட்டார்.

"எரியுதுண்ணே" என்றாள்.

பலகை இடுக்குகள் வழியாக அந்த வெளிச்சம் கோடு கோடாக எங்கள்மேல் விழுந்தது. தம்பி அதைக் கையால் பிடிக்கப் பார்த்தான்.

அந்தக் கோடுகள் படுக்கும் நேரத்தில் தொந்தரவாயின. போர்டுக்கு நேர் கீழேதான் அப்பா தலைவைத்துப் படுப்பார். தம்பி வெளிச்சம் முகத்தில் பட்டால் அழுவான். அதனால் எல்லாரும் சாப்பிட்டதும் அப்பா கேட்பார். "படுத்தாச்சாம்மா?" மேலிருந்து அத்தை, "படுத்தாச்சுண்ணே." டக். அவ்வளவுதான், இனி காலையில். மீட்டர்க்காரர் செய்ததைத்தான் அப்பாவும் செய்தார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே இந்த வயதில்தான் தோன்றுகிறது. அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. மழையில் தகரத்தைத் தொட்டுச் செத்த அந்தப் பெண்ணை அவர் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

வந்த புதிதில் விளக்கு அணையும்வரை அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாள். அழுவாள் என்று சொல்ல முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், துடைக்கமாட்டாள். பிறகு ஒருநாள் எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக ஒரு துணி மூட்டையை நீட்டினாள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். மாஹிமில் ஒரு பட்டறையில் யூனிஃபார்ம் சட்டைகள் மலையாகத் தைத்தார்கள். பட்டன் நுழையும் காஜா ஓட்டையை மெஷினில் எடுத்துவிடுவார்கள். பட்டன் மட்டும் கையால் வைக்க வேண்டும். அந்த மூட்டைகள் சாயங்காலம் வந்து காலையில் திரும்பிப் போகும்; பகலில் இஸ்திரிக்குப் போய்விடும். எதிர்வீட்டு அக்கா அந்த வேலை செய்துவந்தாள். தன் பங்கில் பாதியை அத்தைக்குக் கொடுத்தாள்.

"கை எட்டுதா? கெட்டியாப் பிடிங்க. கீழ விழுந்துச்சு, ரெண்டு பேரு பொழப்பும் சாக்கடையில" என்று சிரிப்பாள்.

"சத்தம் போடாத. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாவ" என்பாள் அத்தை. ஆனால் மூட்டையைப் பிரிக்கும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். முதல் மூட்டையைப் பிரித்த அன்று என்னிடம் சொன்னாள். "ஏட்டி, இது நிலைச்சுதுன்னா நான் யாருக்கும் பாரமில்ல."

அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வேலை. அந்த வேலைக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். அது போர்டில் இருந்தது. போர்டு அப்பாவின் தலைமாட்டில் இருந்தது. தூங்குகிறவர்களைத் தாண்டி இறங்கி வந்து சுவிட்சைப் போட்டால், அண்ணன் கண்விழித்துப் பார்க்கும் முதல் முகம் அவள் முகமாக இருக்கும். அதற்கு அவள் உயிர்போனாலும் வரமாட்டாள்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பா அணைப்பதற்குள் நானும் அவளும் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோப்போம். எத்தனை ஊசி உண்டோ அத்தனையும். கோத்ததைத் தலையணையில் வரிசையாகக் குத்திவைப்போம். என் கண் கூர்மை. நான்தான் வேகமாகக் கோப்பேன். "படுத்தாச்சாம்மா?" என்று கேட்கும்போது இரண்டு பேர் வாயிலும் நூல் இருக்கும். அவள் துப்பிவிட்டு, "படுத்தாச்சுண்ணே" என்பாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவளும் சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

விளக்கு அணைந்ததும் அவள் விரல்கள் வேலையைத் தொடங்கும். காஜா ஓட்டைக்கு நேராக மறுபக்கத் துணியில் விரலை வைத்து இடத்தைப் பிடிப்பாள். பட்டனின் நாலு கண்ணையும் நகத்தால் தடவுவாள். பிறகு நூல் துணிக்குள் போய் வரும் சத்தம். புதுத்துணிக் கஞ்சி வாசனை அந்த அறை முழுதும் இருக்கும். எதிர்வீட்டு அக்காவின் மேலறையில் விளக்கு எரியும். அவர்கள் வீட்டில் மாமா ஜாயின்ட் பாக்ஸ் வைத்துத் தொங்கு சுவிட்ச் போட்டிருந்தார். அவள் இஷ்டத்துக்குப் போடுவாள், அணைப்பாள். அந்த வெளிச்சம் ஒரு பட்டைபோல எங்கள் ஜன்னலுக்குள் வந்து பாயின் ஓரத்தில் விழும். தைத்து முடித்த சட்டையை அத்தை அந்தப் பட்டையில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் மடித்து வைப்பாள். அந்தத் தொங்கு சுவிட்சை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்டு.

அம்மாவுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் ஏணியின் கீழே ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கத் தொடங்கினாள். அத்தை விரல்களில் தடவிக்கொள்வாள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு மழை வந்தது. தகரத்தின்மேல் விழும் அந்த மழைச் சத்தத்தை நம் கல்லிகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எதிர்வீட்டு ஜன்னலில் நீலமாக ஒரு வெளிச்சம் வெட்டியது. 'பட்' என்று சத்தம். கருகிய நாற்றம். அக்கா கத்தினாள். அவள் புருஷன் பாய்ந்து போய் ஃபியூஸைப் பிடுங்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்கள் வீடு முழுதும் இருட்டாகிவிட்டது.

காலையில் கல்லி பூராவும் அதே பேச்சு. அப்பா எதிர்வீட்டுக்குப் போய்க் கருகிப்போன பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பாத்தியா? தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆவாதுன்னான். நான் அன்னைக்குப் பிடிவாதமா நின்னேன்" என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் போர்டை உள்ளங்கையால் தடவினார். பிள்ளை தலையைத் தடவுவதுபோல இருந்தது. அவர் சொன்னது சரிதான். அந்த வீட்டில் பிள்ளைகள் தகரத்தைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நான் இன்றும் மறுக்கவில்லை.

மழையில் ஊரெல்லாம் அதே கோளாறு என்பதால் மாமா உடனே வர முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் பாய் ஓரத்தில் வெளிச்சப் பட்டை விழவில்லை. பட்டறையில் அவசரம், பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மூட்டைகள் பெருத்தன. அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடும். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்திக்கொண்டு அந்தக் கரும் இருட்டில் தைத்தாள். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அவள் உள்ளுக்கு மூச்சிழுக்கும் சத்தம் அடிக்கடி கேட்டது. "என்னத்த?" என்பேன். "ஒண்ணுமில்ல, தூங்கு" என்பாள். காலையில் மேலறையில் விளக்கு எரிவதற்கு முன்பே மூட்டையைக் கட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து எதிர்வீட்டு மேலறையில் புதுப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். மாஹிம் பட்டறை மாஸ்டர் குடையோடு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அக்காவோடு ஏதோ பேசினார். அக்கா எங்கள் வீட்டைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். அது போதுமாக இருந்தது அவருக்கு. திரும்பி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"யே ஸ்கூல் கா மால் ஹை, பாய். சஃபேத் மால். இஸ்பே கூன் கைசே ஆயா?"

பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, இதில் ரத்தம் எப்படி வந்தது என்று கேட்கிறார். அப்பாவுக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தைப்பதில்லை என்று தன் ஹிந்தியில் சொன்னார். மாஸ்டர் ஒரு சட்டையை உதறி அவர் கையில் கொடுத்தார். பட்டன் வரிசையை ஒட்டிக் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள். அடுத்த சட்டை. அதிலும். அப்பா செருப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"யாரு தச்சா இத?"

மேலே பலகை முனகியது.

"நாந்தாண்ணே."

"எறங்கி வா."

வெளியாள் நிற்கும்போது அத்தை இறங்கி வந்தது அதுதான் முதல்முறை. கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு ஏணியை ஒட்டி நின்றாள்.

"என் வீட்டுல ஒனக்குச் சோறு கொறஞ்சு போச்சா?"

"இல்லண்ணே."

"துணிமணி?"

"ஒரு கொறையும் இல்ல."

"பொறவு எதுக்கு? தங்கச்சிக்குச் சோறு போட வக்கில்லாம தைக்க விட்டுட்டான்னு நாலு பேரு பேசணுமா? அதுவும் இருட்டுக்குள்ள! லைட்டு இருக்க வீட்டுல!"

"லைட்ட நீங்கல்லா அணைக்கிய."

எதிர்வீட்டில் மாமாவின் சுத்தியல் சத்தம் நின்றது.

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "நீ தூங்கட்டும்னுதானம்மா அணைச்சேன்? வந்த நாள்லேருந்து விடிய விடிய உக்காந்து அழுதுக்கிட்டே இருந்த. அணைச்சாலாவது கண்ண மூடுவேன்னு நெனச்சேன்."

"மொதல்ல அழுதேன். பொறவு தச்சேன்."

"ஒரு சுவிட்சு வேணும்னு எங்கிட்டக் கேட்டா நான் மாட்டேன்னா சொல்லுவேன்?"

அம்மாதான் சொன்னாள். "கேட்டா. நீங்கதான் தீவாளிக்குன்னு சொன்னிய."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு ஏணியோரம் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார். "ஒனக்கும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மாஸ்டருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. பொறுமை இழந்து அக்காவிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். அக்கா கல்லியைத் தாண்டி வந்து சொன்னாள். "வீட்டுக்கு இனிமே மால் தரமாட்டாராம். கை நல்ல கைங்காரு. வேல வேணும்னா மாஹிம் பட்டறைக்கு வந்து உக்காந்து தைக்கட்டும்ங்காரு. அங்க பொம்பளையாளு பத்துப்பேரு இருக்கோம்... ட்யூப்லைட்டு பகல் மாதிரி எரியும்."

"அதெல்லாம் நடக்காது. வருசம் இன்னும் திரும்பல" என்றார் அப்பா.

அத்தை சேலைக்குள்ளிருந்து கையை எடுத்து, அப்பா கையில் இருந்த சட்டையை மெதுவாக வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் எல்லாரும் அவள் விரல்களைப் பார்த்தோம். இடது பெருவிரலும் சுட்டுவிரலும் ஓட்டை ஓட்டையாக, தோல் உரிந்து இருந்தன.

"நான் போறேண்ணே" என்றாள். "காலையில எல்லாரும் முழிச்சு மூஞ்சி கழுவுன பொறவு எறங்குதேன். யாருக்கும் ஒரு கெடுதலும் வராது."

அப்பா ஏணியில் ஏறி மேலே போனார். அறை கட்டி முடித்த பிறகு அவர் அங்கே ஏறியதே இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது, பகலிலும் உள்ளே இருட்டுதான். பலகைமேல் அவர் உட்காரும் சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் சுவிட்சைத் தட்டவில்லை. அவரும் தட்டச் சொல்லவில்லை. மாஸ்டர் போய்விட்டார். அம்மா சோற்றை வடித்து இறக்கினாள். வெகுநேரம் கழித்து மேலே ஜன்னல் திறக்கும் சத்தமும் அப்பாவின் குரலும் கேட்டன.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தான்." எதிர் ஜன்னலில் மாமா.

"இங்க ஒரு போர்டு வைக்க எம்புட்டு வயர் பிடிக்கும்?"

"நான் அன்னைக்கே சொன்னேன், நீங்கதான்..."

"எம்புட்டுப் பிடிக்கும்னு கேட்டேன்."

அன்று சாயங்காலம் அத்தை கறைபட்ட சட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து அலசினாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அலசினாள். மழையில் வெளியே காயப்போட முடியாது. ஏணியில், கயிற்றில், ஆணிகளில் என்று வீடு முழுதும் வெள்ளைச் சட்டைகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே குனிந்து நடந்து சாப்பிட்டோம். யாரும் யாரையும் திட்டவில்லை.

அத்தை அந்தப் பட்டறையிலும் பிறகு வேறு பட்டறைகளிலுமாகக் கடைசிவரை வேலை செய்தாள். பிற்பாடு செம்பூரில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அப்பா மாதம் ஒருமுறை அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். இருவரும் இப்போது இல்லை. அப்பா கெட்டவர் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேனோ என்று படித்துப் பார்க்கும்போது தோன்றுகிறது. அவர் தங்கைக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று பார்த்தார், அவள் தூங்க வேண்டும் என்று பார்த்தார். அவள் என்ன கேட்டாள் என்பதை மட்டும் பார்க்கவில்லை. அதுகூட ஒரு கோடைக்குத்தான். ஆனால் அவள் விரல்களில் அந்தத் தழும்புகள் கடைசிவரை இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நாங்கள் எல்லாரும் முகம் கழுவிய பிறகு அத்தை இறங்கி, எதிர்வீட்டு அக்காவோடு மாஹிமுக்குப் போனாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் மாமா வந்து மேலே ஒரு சுவிட்ச் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அத்தை வந்து, சாப்பிட்டு, மேலே ஏறினாள். நாங்கள் பாயை விரிக்கும் முன்பே மேலே 'டக்'கென்று கேட்டு, மேலறையில் விளக்கு அணைந்தது.